கூடல்நகருக்கு ரேக் எந்த வழியாக வரும்? சரக்கு ரயில் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் உரக் கிட்டங்கிகளிலும் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் சரக்கு கையாளும் நிறுவனங்களிலும் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, ரேக் எப்ப வரும்?" என்பதுதான். ரேக் என்றால் வரிசையாக மாட்டி வரும் ஒரு முழு சரக்கு வண்டி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், ரேக் எந்த வழியாக வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அந்த வழி அடைபட்டால் வேறு எந்த லைனில் விடுவார்கள், அப்படி விட்டால் எத்தனை மணி நேரம் கூடும் என்பதும் தெரிய வேண்டும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. மதுரைக்கு வடக்கே கூடல்நகர் ஸ்டேஷனில் சரக்கு இறக்கும் ஷெட்டில் நின்று, கேட்டுக் கேட்டுத்தான் நானும் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் கொஞ்சமாவது குறையட்டும்.

முதலில் ஒரு தாளில் கோடு போடுங்கள்

செல்போனில் வரைபடம் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் மதுரை என்று எழுதுங்கள். அங்கிருந்து நான்கு கோடுகள் வரும்.

வடக்கே திண்டுக்கல். கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைரோடு, அம்பாத்துரை எல்லாம் இந்தக் கோட்டில்தான் வருகின்றன. தெற்கே திருப்பரங்குன்றம், திருமங்கலம், கள்ளிக்குடி வழியாக விருதுநகர், 43 கிலோமீட்டர். கிழக்கே கீழ்மதுரை, சிலைமான், திருப்புவனம் வழியாக மானாமதுரை, சுமார் 48 கிலோமீட்டர். மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர், 90 கிலோமீட்டர்.

இந்த நான்கில் போடி லைன் முட்டுச்சந்து. 2010 கடைசியில் மீட்டர் கேஜை மூடினார்கள். தேனி வரை 2022-லும் போடி வரை 2023-லும் அகலப் பாதையாகத் திறந்தார்கள். அந்தப் பக்கத்து மக்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிய லைன் அது. ஆனால் போடிக்கு அப்பால் மலை, தண்டவாளம் இல்லை. அதனால் மாற்று வழிக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். மானாமதுரையைத் தாண்டி ராமேஸ்வரம் போகும் கோடும் அப்படித்தான், பாம்பன் பாலம் தாண்டித் தீவோடு முடிந்துவிடும்.

இப்போது மதுரையைச் சுற்றி நான்கு ஜங்ஷன்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையின் அரிச்சுவடி இவைதான்.

திண்டுக்கல்லில் திருச்சி லைன், கரூர் லைன், பழனி லைன், மதுரை லைன் என்று நான்கு சேர்கின்றன. விருதுநகரில் மதுரை லைன், தூத்துக்குடி - நெல்லை லைன், சிவகாசி வழியாகத் தென்காசி போகும் லைன், அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை போகும் லைன் என்று அங்கேயும் நான்கு. மானாமதுரையில் மதுரை, விருதுநகர், ராமேஸ்வரம், சிவகங்கை வழியாகக் காரைக்குடி என்று மறுபடியும் நான்கு. வாஞ்சி மணியாச்சியில் தூத்துக்குடி லைன் பிரிகிறது.

தாளில் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், மானாமதுரை, காரைக்குடி, மறுபடி திருச்சி என்று ஒரு பெரிய வளையம் இருக்கிறது. தெற்கு மாவட்டங்களின் சரக்குப் போக்குவரத்துக்கு மாற்று வழி என்று ஒன்று இருக்கிறதென்றால் அது பெரும்பாலும் இந்த வளையம்தான். பிரதான வழியில் தடை வந்தால் வளையத்தின் மறுபக்கமாகச் சுற்றி வரலாம்.

அப்புறம், உங்கள் ரேக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த வழியில் போகப்போவது என்ன என்று தெரிய வேண்டும். மூட்டைச் சரக்கு, அதாவது உரம், அரிசி, கோதுமை, சிமெண்ட் எல்லாம் மூடிய வேகனில் வரும். பி.சி.என். வகை என்றால் ஒரு ரேக்குக்கு 42 வேகன், சுமார் 2,600 டன். பி.சி.என்.ஹெச்.எல். என்றால் 58 வேகன் வரை, 4,000 டன்னை ஒட்டி வரும். நிலக்கரி போன்ற கொட்டும் சரக்குக்குத் திறந்த பாக்ஸ் வேகன். வாடிப்பட்டியில் டிராக்டர் ஏற்றுவார்களே, அது பழைய பயணிகள் பெட்டியை மாற்றிச் செய்த என்.எம்.ஜி. வேகன்.

2,600 டன் என்றால் எவ்வளவு என்று மனசில் பதிய வேண்டுமா? யூரியா மூட்டை 45 கிலோ. ஒரு ரேக்கில் கிட்டத்தட்ட 58,000 மூட்டைகள். பத்து டன் லாரி என்றால் 260 நடை. இத்தனையையும் ரயில்வே கொடுக்கும் இலவச நேரத்துக்குள் இறக்க வேண்டும், இல்லையென்றால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். அதனால்தான் ரேக் எந்த நேரத்துக்கு வரும் என்பதில் இவ்வளவு தவிப்பு.

நீளமும் முக்கியம். ஒரு பாக்ஸ் வேகன் 10.7 மீட்டர். 58 வேகன் என்றால் 620 மீட்டர். எஞ்சின் ஒரு 20 மீட்டர், கடைசியில் பிரேக் வேன். எல்லாம் சேர்த்து 650 மீட்டருக்கு மேல் போய்விடும். ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் லூப் லைன் பொதுவாக 686 மீட்டர் அளவுக்கு அமைக்கப்பட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் எஞ்சின் ஒன்று கூடினாலே இடம் நெருக்கமாகிவிடும். ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வந்தால் சரக்கு வண்டி இந்த லூப்பில் ஏறித்தான் வழிவிட வேண்டும். லூப் கொள்ளாத ஸ்டேஷனில் நீளமான ரேக்கை நிறுத்த முடியாது, அது கொள்ளுகிற அடுத்த ஸ்டேஷன் வரை லைன் காலியாகும்வரை முன்னாடியே எங்காவது நிறுத்தி வைப்பார்கள்.

கிலோமீட்டரைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் பார்க்காதீர்கள்

எந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையே ரயில்வே எந்த வழியில், எத்தனை கிலோமீட்டருக்குக் கட்டணம் போடும் என்பதை ரயில்வேயின் ஆர்.பி.எஸ். இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சேர்ந்த முதல் நாளே அதைத் திறந்து, உங்கள் நிறுவனத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து சரக்கு வருகிறதோ அத்தனைக்கும் கூடல்நகர் வரை தூரம் எடுத்து நோட்டில் எழுதிவையுங்கள்.

பொதுவாகக் குறைந்த தூர வழிக்குத்தான் கட்டணம். ஆனால் நெரிசலைக் குறைக்க, சில சரக்குகளைச் சில வழிகளில்தான் விட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 71-ஆவது பிரிவின்கீழ் உத்தரவு போட்டிருப்பார்கள். அப்படி உத்தரவு இருந்தால் சுற்று வழியாக இருந்தாலும் அந்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். அது வேறு, ஒருநாள் தடைக்காக ரயில்வே தானாகவே வண்டியைச் சுற்றிவிடுவது வேறு. பின்னதற்கு நம்மிடம் கூடுதல் பணம் கேட்பதில்லை, ஆர்.ஆரில், அதாவது ரயில்வே கொடுக்கும் சரக்கு ரசீதில், போட்ட தூரம் போட்டதுதான். நமக்கு நஷ்டம் நேரத்தில்தான்.

ஒரு கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். தூத்துக்குடியில் ஏற்றிய ரேக் ஒன்று திருச்சிக்குப் போக வேண்டும். விருதுநகர் வரை ஒரே வழிதான். அங்கிருந்து மதுரை 43, மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாகத் திருச்சி சுமார் 157, ஆக 200 கிலோமீட்டர். வளையத்தின் மறுபக்கம் பாருங்கள். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை 67. மானாமதுரையிலிருந்து சிவகங்கை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி 150. ஆக 217 கிலோமீட்டர். வித்தியாசம் வெறும் 17 கிலோமீட்டர்!

முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில் ஒரு மாற்று வழி இருக்கும்போது எல்லா வண்டியையும் ஏன் மதுரைக்குள்ளேயே திணிக்கிறார்கள் என்று தோன்றியது. பதில், மதுரை வழி இரட்டைப் பாதை. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கலாம். மானாமதுரை வழி இந்த முழு நீளத்துக்கும் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தாலும் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒவ்வொரு கிராசிங்குக்கும் அரை மணி, முக்கால் மணி என்று போனால் 17 கிலோமீட்டர் வித்தியாசம் நாலைந்து மணி நேரமாகிவிடும். அதனால் தாளில் போட்ட கோடுகளில் இரட்டைப் பாதைக்கு இரட்டைக் கோடு போடுங்கள். திருச்சி - மதுரை - விருதுநகர் - மணியாச்சி, அங்கிருந்து தூத்துக்குடியும் நெல்லையும், இவை இரட்டை. மதுரை - மானாமதுரை, மானாமதுரை - விருதுநகர், திருச்சி - மானாமதுரை, விருதுநகர் - தென்காசி, திண்டுக்கல் - கரூர், திண்டுக்கல் - பழனி, இவை ஒற்றை.

எஞ்சின் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது?

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். இரண்டு லைன் ஒரு ஜங்ஷனில் சேர்கிறது என்றால் அங்கே வண்டி ஒன்றிலிருந்து மற்றதுக்கு நேராகப் போய்விடும் என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை.

மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் லைனும் ஸ்டேஷனுக்குத் தெற்குப் பக்கம். மானாமதுரை லைனும் தெற்குப் பக்கம் கிளம்பித்தான் கீழ்மதுரைக்கு வளைகிறது. திண்டுக்கல்லிலிருந்து வரும் வண்டி வடக்கே நுழைந்து, தெற்கே இறங்கி, நேராக மானாமதுரைக்குப் போய்விடும். ஆனால் விருதுநகரிலிருந்து வரும் வண்டி மானாமதுரைக்குப் போக வேண்டுமானால் தெற்கே நுழைந்து தெற்கேயே திரும்பி வெளியேற வேண்டும். எஞ்சின் இப்போது தப்பான பக்கம் இருக்கிறது.

பயணிகள் வண்டியில் இது பெரிய விஷயமாகத் தெரியாது, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். சரக்கு வண்டியில் நடப்பதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். பாயிண்ட்ஸ்மேன் எஞ்சினுக்கும் முதல் வேகனுக்கும் நடுவே குனிந்து காற்றுக் குழாயின் வால்வை மூடிக் குழாயைக் கழற்றுவார், புஸ்ஸென்று காற்று பீறிடும். கப்ளிங்கின் கைப்பிடியைத் தூக்குவார். எஞ்சின் தனியாக முன்னால் போய் நிற்கும். பக்கத்து லைன் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே காத்திருக்கும். அப்புறம் 600 மீட்டர் தாண்டி வந்து மறுமுனையில் சேரும். மறுமுனையில் இருப்பது பிரேக் வேன், அதைக் கழற்றி இந்த முனைக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் மாட்டியபின் வண்டி முழுவதும் காற்று ஏற வேண்டும். எஞ்சினில் 5 கிலோ அழுத்தம் காட்டினால் போதாது, கடைசி வேனில் இருக்கும் மீட்டரிலும் முள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் கிளம்புவார்கள். ஐம்பத்தெட்டு வேகனின் சிலிண்டரும் நிறைய வேண்டுமே. இந்த நேரம் முழுவதும் மதுரை ஜங்ஷனில் ஒரு லைனை இந்த வண்டி அடைத்துக்கொண்டு நிற்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் வரிசையாக வரும் நேரத்தில் வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் எந்த கன்ட்ரோலரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

விருதுநகர் - அருப்புக்கோட்டை - மானாமதுரை லைனின் அருமை இங்கேதான் புரியும். 2013-ல் அது அகலப் பாதையாகத் திரும்பி வந்தபின், தெற்கிலிருந்து கிழக்கே போகும் வண்டி மதுரைக்குள் நுழையாமலேயே போக முடிகிறது. மதுரை வழியாக என்றால் 91 கிலோமீட்டர், இந்த வழியில் 67. எஞ்சினைத் திருப்பும் வேலையும் மதுரையில் இல்லை.

எஞ்சின் திருப்ப வேண்டுமா இல்லையா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் ஜங்ஷனைத் திறந்து, பிளாட்பாரங்களைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் வரும் லைனும் போகும் லைனும் பிளாட்பாரத்தின் எதிரெதிர் முனைகளில் சேர்ந்தால் நேர் ஓட்டம். இரண்டும் ஒரே முனையில் சேர்ந்தால் எஞ்சின் திருப்ப வேண்டும், ஜங்ஷனுக்கு வெளியே இரண்டு லைனையும் நேரடியாக இணைக்கும் பைபாஸ் துண்டு இருந்தால் மட்டும் வேண்டாம். மானாமதுரையில் பயிற்சி எடுங்கள். காரைக்குடிப் பக்கமிருந்து ராமேஸ்வரம் போகும் வண்டி நேராகப் போகும், அது உங்களுக்கு ஒரு அடையாளம். அதை வைத்துக்கொண்டு மதுரை லைனும் விருதுநகர் லைனும் எந்த முனையில் சேர்கின்றன என்று நீங்களே தேடிப் பாருங்கள். அதே மாதிரி திண்டுக்கல்லில் பழனி லைனையும் கரூர் லைனையும் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் ஆயுசுக்கும் மறக்காது.

டிரைவருக்கு ரோடு தெரிய வேண்டும்

லைன் இருக்கிறது, எஞ்சின் திருப்ப வேண்டாம், லூப்பும் கொள்ளும். இருந்தும் வண்டி நகராது. ஏன்? அந்த வழி தெரிந்த லோகோ பைலட் இல்லை.

லாரி டிரைவர் வழி கேட்டுக்கொண்டே போகலாம். ரயிலில் முடியாது. 4,000 டன் எடையை நிறுத்த ஒரு கிலோமீட்டர் முன்னாடியே பிரேக் போட வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எந்த வளைவுக்குப் பின்னால் சிக்னல் நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். அந்தப் பாதையில் முறையாகப் போய்வந்து பழகி, 'ரோடு லேர்னிங்' முடித்தவர்தான் ஓட்ட முடியும். திடீரென்று வண்டியை வேறு வழியில் விட்டால், அந்த ரோடு தெரிந்த ஆளைத் தேடிப்பிடித்து அனுப்ப வேண்டும். வேலை நேரம் முடிந்துவிட்டாலும் அதே கதைதான். மாற்று ஆள் வரும்வரை வண்டி ஏதாவது ஒரு லூப்பில் நிற்கும்.

ஒரு ஐப்பசி மாதம், நாற்றங்காலுக்கும் நடவுக்கும் உரம் கேட்டு ஊர் ஊராக ஆட்கள் போன் போட்டுக்கொண்டிருந்த சமயம். ரேக் திண்டுக்கல் தாண்டிவிட்டது என்று மத்தியானம் தகவல் வந்தது. அறுபது கிலோமீட்டர்தானே, சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று முப்பது லாரியை ஷெட்டுக்கு வரச்சொல்லிவிட்டேன். லோடுமேன்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரேக் கொடைரோட்டில் லூப்பில் ஏறி நின்றுவிட்டது. முன்னால் தண்டவாள வேலை, அது முடிவதற்குள் ஆட்களின் வேலை நேரம் முடிந்துவிட்டது. கூடல்நகருக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி இரண்டு மணி. அதற்குள் பாதி லாரி போய்விட்டது, மீதி லாரிக்குக் காத்திருந்ததற்கான ஹால்டிங் பணம் கொடுத்தோம். மேஸ்திரி ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. "தம்பி, அடுத்த தடவை சமயநல்லூர் வந்துருச்சான்னு கேட்டுட்டு எங்களைக் கூப்பிடுப்பா" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் கணக்கு. திண்டுக்கல் தாண்டினால் லாரிக்காரர்களுக்குத் தகவல், சோழவந்தான் தாண்டினால் லோடுமேன்களுக்குத் தகவல், சமயநல்லூர் தாண்டினால்தான் லாரி உள்ளே.

கேரளப் பக்கம் போக வேண்டுமென்றால்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மதுரைக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படாது. நம் பக்கமிருந்து மலைக்கு அந்தப்புறம் போக மூன்று வாசல். நெல்லை, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம். தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம். திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு.

நடுவில் உள்ளதைப் படத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும், தூரம் குறைவு. 1904-ல் திறந்த லைன், 2018-ல் அகலப் பாதையாகி மீண்டும் ஓடுகிறது. பதிமூன்று கண் பாலத்தை அங்கே பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அது மலைப்பாதை. பயணிகள் வண்டிக்கே பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டித் தள்ளி ஏற்றிய இடம். முழு நிலக்கரி ரேக்குக்கு அதை மாற்று வழியாக நினைக்க வேண்டாம். சுமைக்கு ஏற்ற வழி பாலக்காட்டுக் கணவாய்தான், மலைத்தொடர் அங்கேதான் இடைவெளி விட்டிருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பொள்ளாச்சி 121 கிலோமீட்டர், 2015-லிருந்து அகலப் பாதை. கோவைக்கும் இந்த வழியில் போகலாம்.

சேலம் பக்கம் போவதற்கு முன்பெல்லாம் கரூரிலிருந்து ஈரோடு சுற்ற வேண்டும். 2013-லிருந்து நாமக்கல் வழியாக நேர் லைன் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து கரூர் 74, கரூரிலிருந்து சேலம் 85 என்று குறித்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்று கவனிக்க வேண்டும், கரூர் ரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது, நாம் மதுரைக் கோட்டம். கோட்டம் மாறும் இடத்தில் ஒரு கன்ட்ரோல் கொடுக்க வேண்டும், இன்னொரு கன்ட்ரோல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் நெரிசல் என்றால் இந்தப் பக்கம் நிற்கும்.

மாற்று வழியே இல்லாத இடம்

தாளைத் திரும்ப எடுத்துத் தூத்துக்குடியைப் பாருங்கள். இவ்வளவு பெரிய துறைமுகம், உரம், உப்பு, நிலக்கரி என்று எத்தனை சரக்கு. எல்லாம் மீளவிட்டான், தட்டப்பாறை வழியாக வாஞ்சி மணியாச்சிக்கு வந்துதான் ஆக வேண்டும். ஒரே கழுத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது இது எல்லோருக்கும் புரிந்தது. அதே மழையில் நெல்லை - திருச்செந்தூர் லைனில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் அந்த ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டருக்குப் புதிய லைன் போடும் திட்டம் இருக்கிறது. அதில் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டுவிட்டார்கள். மீதி இன்னும் வரவில்லை. இரண்டு முனையும் சேராத லைன் மாற்று வழி ஆகாது. அது முழுதாக வந்தால் துறைமுகத்துக்கு இரண்டாவது வாசல் கிடைக்கும், வழியில் இருக்கும் வறண்ட பூமிக்கும் ரயில் வரும். இதை நான் மனசார எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன். நீங்கள் வேலையில் இருக்கும் காலத்திலாவது அந்த வழியாக ஒரு ரேக் வர வேண்டும்.

இப்போதைக்குப் பாடம் இதுதான்: மணியாச்சிக்குத் தெற்கே தடை என்றால் சுற்று வழி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், லாரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். விருதுநகருக்கு வடக்கே தடை என்றால் மானாமதுரையை நினையுங்கள்.

வழியை நாம் மாற்ற முடியாது, இறக்கும் இடத்தை யோசிக்கலாம்

எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்வது கோட்டத்தின் கன்ட்ரோல் அலுவலகம். நாம் போன் போட்டு "அந்தப் பக்கமா விடுங்க சார்" என்றால் நடக்காது, கேட்கவும் கூடாது. அவர்கள் முன்னால் இருக்கும் திரையில் ஐம்பது வண்டிகள் இருக்கும்.

ஆனால் எங்கே இறக்குவது என்பதை இண்டென்ட், அதாவது ரேக் கேட்டு ரயில்வேயிடம் கொடுக்கும் விண்ணப்பம், போடும்போதே யோசிக்கலாம். உங்கள் சரக்கில் பாதி சிவகங்கை, பரமக்குடிப் பக்கம் போகிறது என்றால் முழுவதையும் கூடல்நகரில் இறக்கி, மதுரை நகரத்தைத் தாண்டி லாரியில் கொண்டுபோவது ஏன்? ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்றால் திண்டுக்கல் ஷெட் பக்கம். ராஜபாளையம், சாத்தூர் என்றால் விருதுநகர். இரண்டு இடத்தில் பிரித்து இறக்கும் ரேக்கும் உண்டு, 20 வேகன் கொண்ட மினி ரேக்கும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எந்தச் சரக்கு, எவ்வளவு தூரம், எந்த ஷெட் என்று விதி இருக்கிறது. நீங்கள் நினைத்த ஷெட்டில் அந்தச் சரக்கை இறக்க அனுமதி உண்டா, முழு ரேக் நிற்க இடம் உண்டா என்று கமர்ஷியல் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இண்டென்ட் போடாதீர்கள்.

வண்டி கிளம்பியபின் சேரும் ஸ்டேஷனை மாற்றவும் வழி இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அனுமதி கிடைக்க வேண்டும், கட்டணமும் உண்டு. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரேக் கிளம்பிய நாளிலிருந்து

ஆர்.ஆர். கைக்கு வந்ததும் அதில் உள்ள எஃப்.என்.ஆர். எண்ணை முதலில் நோட்டில் எழுதுங்கள். அந்த எண்ணைப் போட்டால் ரேக் எந்த ஸ்டேஷனில் இருக்கிறது என்று ரயில்வேயின் சரக்கு இணையதளத்தில் தெரியும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்தால் போதும். திருச்சியோ கரூரோ தாண்டியபின் அடிக்கடி பாருங்கள்.

அந்தந்த நாளின் செய்தித்தாளையும் பாருங்கள். இது யாரும் சொல்லித் தராத வழி, எனக்கு நிறையத் தடவை கைகொடுத்திருக்கிறது. பராமரிப்புப் பணிக்காக இன்ன தேதியில் இன்ன எக்ஸ்பிரஸ் வண்டிகள் மதுரை, திண்டுக்கல் வராமல் விருதுநகர், அருப்புக்கோட்டை, மானாமதுரை, காரைக்குடி வழியாகப் போகும் என்று மதுரைக் கோட்டம் அறிவிப்புக் கொடுக்கும். பயணிகளுக்காகக் கொடுத்த அறிவிப்புதான். ஆனால் நமக்கு அதில் இரண்டு தகவல் இருக்கிறது. ஒன்று, அந்த நேரத்தில் திண்டுக்கல் - மதுரை லைனில் வேலை நடக்கிறது, நம் ரேக் அந்தப் பக்கம் நின்றுவிடும். இன்னொன்று, ஒற்றைப் பாதையான மானாமதுரை லைனில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் புகுந்துவிட்டன, அங்கே சரக்கு வண்டிக்கு இடம் கிடைக்காது. அந்த நாட்களில் லாரிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ரேக் ஷெட்டுக்குள் வந்ததும் அவசரத்திலும் நான்கு விஷயம் குறித்துவையுங்கள்: கிளம்பிய நேரம், திண்டுக்கல்லோ மானாமதுரையோ எந்த ஜங்ஷன் வழியாக வந்தது, வழியில் எங்கே அதிக நேரம் நின்றது, ஷெட்டில் வண்டியை ஒப்படைத்த நேரம். கடைசி நேரம் ரொம்ப முக்கியம், டெமரேஜ் கணக்கு அதிலிருந்துதான் ஓடும். கூட்ஸ் கிளார்க்கின் பதிவேட்டில் உள்ள நேரமும் உங்கள் நோட்டில் உள்ள நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றைக்கே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பத்து ரேக் இப்படி எழுதிவிட்டால், வடக்கிலிருந்து வரும் வண்டி வழக்கமாக எங்கே தங்கும், எந்தக் கிழமையில் தாமதம், மழைக்காலத்தில் எவ்வளவு கூடும் என்பது அந்த நோட்டிலேயே தெரிய ஆரம்பிக்கும். என்னிடம் அப்படிப்பட்ட நோட்டு ஏழு இருக்கிறது. புதிதாக வருபவர்கள் கேட்டால் எடுத்துத் தருகிறேன், கூடல்நகர் ஷெட் பக்கம் வரும்போது சொல்லுங்கள்.